உழைத்த குதிரைக்கு ஓய்வு எங்கே?

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத் திருவிழா வந்தால் மலை உச்சியில் தீபம் எரியும். கீழே கால்நடைச் சந்தை கூடும். மாடுகளோடு குதிரைகளும் மட்டக்குதிரைகளும் விற்பனைக்கு வரும். பல்லைப் பிடித்துப் பார்த்து வயதைச் சொல்வார்கள். நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். பிறகு பேரம் நடக்கும்.

வாங்குகிறவர் ஒன்றை யோசிக்க வேண்டும். நன்றாகப் பராமரித்தால் குதிரை 25 முதல் 30 ஆண்டு வரை வாழும். அத்தனை காலமும் தீனி போட முடியுமா?

ஜட்கா போயிற்று

ஒரு காலத்தில் ரெயிலை விட்டு இறங்கினால் ஜட்கா வண்டிதான். ஆட்டோ ரிக்‌ஷா வந்தது, ஜட்கா போயிற்று. இன்று குதிரைக்குக் கிடைப்பது கல்யாண ஊர்வலம், கோவில் திருவிழா, கடற்கரைச் சவாரி, ஊட்டி சீசன். எல்லாம் சில நாள் வேலை. வேலை இல்லாத நாளிலும் வயிறு பசிக்குமே!

குதிரை வைத்திருப்பவர்களில் பலர் ஏழைகள். கொள்ளும் புல்லும் வாங்கக் காசு இல்லாதபோது, "எங்காவது மேயட்டும்" என்று அவிழ்த்து விடுகிறார்கள். ஊட்டி வீதிகளில் இப்படித் திரியும் குதிரைகள் குப்பையைக் கிளறுகின்றன. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. விழுங்கிய பிளாஸ்டிக் பை குடலை அடைத்தால், வலியில் துடித்து உயிரை விடும்.

மீட்பது எப்படி?

நீலகிரி மாவட்டம் மசினகுடி அருகே மாவனல்லாவில், 'இந்தியா புராஜெக்ட் பார் அனிமல்ஸ் அண்டு நேச்சர்' என்ற அமைப்பு ஒரு காப்பகத்தை ஏற்படுத்தியது. கைவிடப்பட்ட மட்டக்குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் அங்கே அடைக்கலம் கிடைத்தது.

இரக்கம் மட்டும் இருந்தால் போதாது. பக்குவமும் தெரிய வேண்டும். பட்டினி கிடந்த குதிரைக்குக் கொள்ளை அள்ளிப் போட்டால் ஆபத்து. முதலில் நல்ல புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். குளம்பு நம் நகம்போல வளரும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீர் செய்யாவிட்டால் குதிரை நொண்டும்.

50 ரூபாய் அபராதம்

நாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் 1952-ல் டெல்லி மேல்சபையின் நியமன உறுப்பினர் ஆனார். பிராணிகளுக்காக அவர் போராடியதன் பலனாக 1960-ல் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. பட்டினி போடுவது, நோயுற்ற பிராணியை வேலை வாங்குவது, காரணமின்றிக் கைவிடுவது எல்லாம் குற்றம். மட்டக்குதிரையின் முதுகில் 70 கிலோவுக்கு மேல் பொதி ஏற்றக்கூடாது என்பது 1965-ம் ஆண்டு விதி.

ஆனால் முதல் குற்றத்துக்கு அந்தச் சட்டம் விதித்த அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை! ஒரு குதிரையின் ஒரு நாள் தீனிக்குக்கூட அது காணாது. அபராதத்தை உயர்த்துவதற்கான திருத்த வரைவை மத்திய அரசு 2022-ல் வெளியிட்டது.

அபராதம் கூடினால் மட்டும் குதிரை பிழைக்குமா? கையில் காசில்லாதவர் அபராதத்துக்குப் பயந்தால், இரவோடு இரவாக அவிழ்த்து விட்டுப் போவார். "என்னால் முடியவில்லை" என்று சொல்லி ஒப்படைக்க ஓர் இடம் வேண்டும். நோயுற்ற பிராணிகளுக்குச் சிகிச்சை இல்லம் அமைக்க 1960-ம் ஆண்டுச் சட்டமே வழி சொல்கிறது. மாவட்டந்தோறும் பிராணி வதைத் தடுப்புச் சங்கம் வேண்டும் என்று 2001-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. சட்டத்தில் உள்ள இடம் ஊரிலும் இருக்க வேண்டும்.

திருவண்ணாமலைக்கு இது புதிதல்ல. ரமணாசிரமத்தில் 1948-ல் பசு லட்சுமி இறந்தபோது சமாதி எழுப்பினார்கள். மான், காக்கை, நாய்க்கும் அங்கே சமாதி உண்டு. உழைத்து ஓய்ந்த குதிரை கேட்பது சமாதி அல்ல. உயிரோடு இருக்கும்போது ஒரு கொட்டகை, ஒரு தொட்டித் தண்ணீர், ஒரு கட்டுப் புல்!