ஆவணமற்ற மாணாக்கரும் உயர்கல்விக் கட்டணமும்

கல்வி உரிமையா, சலுகையா என்னும் வினா பழையது. ஆயினும், ஒரே நாடு ஒரே பிள்ளைக்கு அவ்வினாவுக்கு இருவேறு காலங்களில் இருவேறு விடைகளைக் கூறுமாயின், அதனை ஆராய்தல் கல்வியிலே கருத்துடையார் யாவர்க்கும் கடனாகும். ஐக்கிய அமெரிக்க நாடுகளில் இந்நிலையே காணப்படுகின்றது. பெற்றோரின் கையைப் பற்றிக்கொண்டு குழந்தைப் பருவத்திலே அந்நாட்டினுட் புகுந்தோரும், அனுமதிக்காலம் கடந்த பின்னரும் பெற்றோருடன் தங்கிவிட்டோருமாகக் குடிவரவுப் பத்திரம் இன்றி வளர்ந்த இளைஞர் பல இலட்சத்தவர் அங்கு உளர். பன்னிரண்டாம் வகுப்பு வரை அந்நாடு அவர்களைப் பொதுப்பணத்திற் படிப்பிக்கின்றது. அவர்கள் பல்கலைக்கழகத்தின் வாயிலை அடைந்ததும், "நீ யார்?" என்று கேட்கின்றது.

கடல் கடந்த நாட்டின் வழக்கை இம்மலரிலே பேசுவது எதற்கு என அன்பர் சிலர் வினவக்கூடும். நம் நாட்டிலே 'கள்ளத்தோணி' என்றொரு வசைச்சொல் வழங்கிற்று. தோணியையே கண்டறியாத மலையகக் குழந்தைகள் மீதும் அச்சொல் வீசப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களின் வழித்தோன்றல்களுக்கு அச்சிக்கலின் இறுதி முடிச்சை அவிழ்க்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேயே நிறைவேறிற்று. இவ்விரு வழக்குகளும் ஒன்றல்ல. மலையகத்துப் பிள்ளைகள் இம்மண்ணிலேயே பிறந்தவர்கள். ஆயினும், பெற்றோரின் பத்திரத்தை நோக்கிப் பிள்ளையின் தகுதியை அளக்கும் வழக்கம் எத்தகைய தீங்கு விளைக்கும் என்பதை நாம் ஏட்டிலே படித்து அறியவேண்டியதில்லை. ஆதலின், இதுபற்றிக் கருத்துரைக்க எமக்குத் தகுதி உண்டென்றே கொள்கின்றோம்.

முதலில் வரலாற்றை நோக்குவோம். 1975 ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலம், சட்டபூர்வமாக நாட்டினுள் அனுமதிக்கப்படாத பிள்ளைகளின் கல்விக்கு மாநிலப் பணம் வழங்கப்படாது எனச் சட்டமியற்றியது. அம்மாநிலத்தின் டைலர் என்னும் ஊர்ப் பாடசாலை மாவட்டம், அத்தகைய பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஆண்டொன்றுக்கு 1,000 டொலர் கட்டணம் விதித்தது. கூலித்தொழிலாளர் அத்தொகைக்கு எங்கே போவர்? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1982 ஆம் ஆண்டு யூன் 15 ஆம் நாள், ஐவர்க்கு நால்வர் என்ற கணக்கில் அச்சட்டம் செல்லாது எனத் தீர்ப்பாயிற்று. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் பிரெனன். கல்வி அரசியலமைப்புத் தரும் அடிப்படை உரிமை என்று அம்மன்று கூறவில்லை. ஆயின், ஏனைய அரசாங்க நலன்களோடு சேர்த்து எண்ணத்தக்க வெறுஞ் சலுகையும் அன்று எனக் கூறிற்று. பெற்றோரின் செயலுக்குப் பிள்ளைகளைத் தண்டித்தல் நீதியாகாது என்பதே அத்தீர்ப்பின் உயிர்நிலை.

ஆனால் அத்தீர்ப்பு பாடசாலைக் கல்வியோடு நின்றுவிட்டது. 1996 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கொங்கிரஸ் இயற்றிய குடிவரவுச் சட்டமொன்று, ஒரு மாநிலத்திலே வதிகின்றமையைக் காரணமாகக் கொண்டு ஆவணமற்றோர்க்கு உயர்கல்விச் சலுகை அளிப்பதாயின், வதிவிடம் நோக்காது நாட்டின் குடிகள் யாவர்க்கும் அதே சலுகை கிடைத்தல் வேண்டும் என விதித்தது.

இவ்விதியின் கனம் உணர அங்குள்ள கட்டணமுறையை அறிதல் வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்கள் அம்மாநில மக்களின் வரிப்பணத்தைப் பெறுவதால், மாநிலத்தவர்க்கு ஒரு கட்டணமும் பிறர்க்கு மற்றொரு கட்டணமும் அறவிடுகின்றன. பின்னது முன்னதிலும் பல இடங்களில் மும்மடங்குக்கு மேற்பட்டது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலே வெளியார் ஆண்டொன்றுக்கு 30,000 டொலருக்கும் மேலான தொகையை மேலதிகமாகச் செலுத்த வேண்டும். எனவே, தன் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவிலுள்ள பல்கலைக்கழகத்திலே, தன்னோடு ஒரே வாங்கிலிருந்து படித்த நண்பன் செலுத்துவதைப்போல் மும்மடங்கு செலுத்தும்படி ஆவணமற்ற மாணவன் கேட்கப்படுகின்றான். இது கதவைப் பூட்டாமலே ஒருவனை வெளியே நிறுத்தும் உபாயமன்றி வேறென்ன?

இதற்கு மாநிலங்கள் சில அறிவுடன் ஒரு வழி கண்டன. 2001 ஆம் ஆண்டில் டெக்சாசும் கலிபோர்னியாவும் முன்னின்றன. டெக்சாசிற் கையொப்பமிட்ட ஆளுநர் ரிக் பெரி குடியரசுக் கட்சியினர். கலிபோர்னியாவிற் கையொப்பமிட்ட கிரே டேவிஸ் சனநாயகக் கட்சியினர். அக்காலத்தில் இஃது ஒரு கட்சியின் கொள்கையாக இருக்கவில்லை என்பது கருதத்தக்கது. கலிபோர்னியாச் சட்டம் வதிவிடத்தைக் கேட்கவில்லை. அம்மாநில உயர்நிலைப் பாடசாலையில் மூன்றாண்டு பயின்று தேறியவர் எவராயினும் உள்மாநிலக் கட்டணம் செலுத்தினாற் போதும் என்றது. ஆவணமற்றவர், வாய்ப்பு நேர்ந்தவுடன் தம் நிலையைச் சட்டபூர்வமாக்க விண்ணப்பிப்பதாக உறுதிமொழி அளித்தல் வேண்டும். அம்மாநிலத்திற் பயின்று பின் வேறு மாநிலத்திற் குடியேறிய அமெரிக்கக் குடிகளும் இச்சலுகைக்கு உரியராவர். ஆதலால் இச்சட்டம் 1996 ஆம் ஆண்டின் விதியை மீறவில்லை எனக் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 2010 இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இன்று இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் ஏதோ ஒரு வகையில் இவ்வழியைப் பின்பற்றுகின்றன. மறுபுறத்தில், தென் கரோலினா 2008 இலும் அலபாமா 2011 இலும் இம்மாணவர்க்குப் பொதுக் கல்லூரி அனுமதியையே மறுக்கச் சட்டஞ் செய்தன.

நிதியுதவியின் நிலை இதனினும் கடினமானது. சமஷ்டி அரசு வழங்கும் பெல் நன்கொடையோ, மாணவர் கடனோ, வேலை செய்து படிக்கும் உதவியோ ஆவணமற்றவர்க்கு இல்லை. அகதி எனவோ புகலிடம் பெற்றவர் எனவோ ஏற்கப்பட்டோர்க்கு அவை உண்டு. புகலிடக் கோரிக்கை தீராது காத்திருப்போர்க்கு இல்லை. இந்நாட்டிலிருந்து புலம்பெயர்ந்த குடும்பங்கள் இவ்வேறுபாட்டை நன்கு அறிந்துகொள்ளல் வேண்டும். மாநிலங்களுட் சில தம் பணத்திலிருந்து உதவுகின்றன. நியூ மெக்சிக்கோ 2005 இலும், கலிபோர்னியா 2011 இலும், நியூ யோர்க் 2019 இலும் இதற்குச் சட்டஞ் செய்தன. கலிபோர்னியாவில் இதற்கெனத் தனி விண்ணப்பப் படிவமே உண்டு. தனியார் பல்கலைக்கழகங்கள் தத்தம் விதிப்படி நடப்பவை. அவற்றுட் பல இம்மாணவரை வெளிநாட்டு விண்ணப்பகாரர் வரிசையில் வைக்கின்றன. சில அவர்தம் வறுமைக்கேற்ப முழு உதவியும் வழங்குகின்றன.

இவ்வளவில் வழி ஓரளவு திறந்ததென எண்ணியிருக்க, 2025 ஆம் ஆண்டு அவ்வெண்ணத்தைக் குலைத்தது. அவ்வாண்டு யூன் 4 ஆம் நாள், டெக்சாசின் சட்டத்தை எதிர்த்துச் சமஷ்டி அரசு வழக்குத் தொடுத்தது. அம்மாநில அரசு எதிர்வாதம் செய்யாது அன்றே உடன்பட்டது. நீதிபதியும் அன்றே ஆணை பிறப்பித்தார். இருபத்துநான்கு ஆண்டு நிலைத்த சட்டம், அதற்காகப் பேச ஒருவருமின்றி ஒரே நாளில் வீழ்ந்தது. டெக்சாஸ் சட்டம் கலிபோர்னியாவினது போலன்றி வதிவிடம் என்னும் சொல்லைப் பற்றி நின்றது என்பது உண்மையே. எனினும், இரு தரப்பும் வாதிட்டுப் பெற்ற தீர்ப்பாயின் அதனை மதித்திருப்போம். வாதமே நிகழாத வழக்கின் முடிவை நீதி எனக் கொள்ள எம்மனம் ஒருப்படவில்லை. புளோரிடாவும் தான் 2014 இல் வழங்கிய சலுகையை அவ்வாண்டு யூலை முதலாக நீக்கிற்று. இவ்வாறாகப் படிப்பின் நடுவிலே நின்ற மாணவர், அடுத்த தவணைக்கு மும்மடங்கு பணம் தேட நேர்ந்தது.

இனி, எதிர்த்தரப்பினர் கூறும் வாதங்களை நடுநின்று நோக்குவோம்.

சட்டத்தை மீறியோர்க்குப் பரிசளிப்பதா என்பது முதல் வாதம். மீறியவர் யார்? மூன்று வயதிலே தாயின் மடியிலிருந்து எல்லை கடந்த குழந்தையை மீறியவர் என்று எந்த அறநூலும் கூறாது. அன்றியும், உள்மாநிலக் கட்டணம் இலவசமன்று. அயல்வீட்டார் செலுத்தும் அதே கட்டணத்தை இவரும் செலுத்துகின்றனர். இவர்தம் குடும்பத்தினர் கடையிற் பொருள் வாங்கும்போது விற்பனை வரியும், வாடகையின் வழியாக வீட்டு வரியும் செலுத்தியே வாழ்கின்றனர்.

பிற மாநிலத்துக் குடிமகன் கூடிய கட்டணம் செலுத்த, குடியுரிமை இல்லாதவன் குறைந்த கட்டணம் செலுத்துவதா என்பது இரண்டாவது வாதம். மேலோட்டமாக நோக்குவார்க்கு இது வலிய வாதமாகத் தோன்றும். ஆனால் உள்மாநிலக் கட்டணத்தின் நோக்கம் குடியுரிமையைப் போற்றுதல் அன்று. தன் பாடசாலைகளில் வளர்ந்த பிள்ளைகளின் பயனைத் தன் மாநிலமே பெறுதல். பன்னிரண்டு ஆண்டு செலவிட்டு வளர்த்த மரத்தைப் பூக்கும் பருவத்திலே வெட்டுதல் சிக்கனமாகாது.

கற்றபின் வேலை செய்ய அனுமதி இல்லாதவர்க்குப் பட்டம் எதற்கு என்பது மூன்றாவது வாதம். இதுவே கனமானது; இதனை எளிதிலே தள்ளிவிட நாம் துணியவில்லை. 2012 ஆம் ஆண்டு யூன் 15 ஆம் நாள், முன்கூறிய தீர்ப்பு வெளிவந்து முப்பது ஆண்டு நிறைந்த அதே நாளில், குழந்தைப் பருவத்தில் வந்தோரை நாடுகடத்துவதை ஒத்திவைத்து, ஈராண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத்தக்க வேலை அனுமதியும் அளிக்கும் திட்டத்தை ஒபாமா அரசு அறிவித்தது. ஆனால் 2007 யூன் 15 முதல் அந்நாட்டிலே தொடர்ந்து வாழ்ந்தோர்க்கே அது பொருந்தும். இன்று பாடசாலையை விட்டு வெளியேறும் பிள்ளைகளுட் பெரும்பாலோர் அத்தேதியின் பின் வந்தவர். அவர்க்கு அத்திட்டத்தால் யாதொரு பயனும் இல்லை. தகுதியுடையோரின் புதிய விண்ணப்பங்களும் 2021 ஆம் ஆண்டின் நீதிமன்ற ஆணைக்குப் பின் தடைப்பட்டன. இவர்க்கு நிலையான வழி காட்டும் மசோதா 2001 இலேயே செனற் சபையில் இரு கட்சியினராலும் சேர்ந்து கொண்டுவரப்பட்டது. 2010 டிசெம்பரில் அது பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனற் சபையில் வேண்டிய 60 வாக்குகளுக்கு 55 மட்டுமே பெற்று நின்றுவிட்டது.

ஆகவே, கட்டணச் சலுகை பாதி வழியே என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஆயின், மீதிவழி மூடியிருத்தல் திறந்த பாதியையும் மூடுதற்குக் காரணமாகாது. மூடிய பாதியைத் திறத்தற்கே காரணமாகும். சட்டம் நாளை மாறலாம், இளமை மீளாது. பதினெட்டில் நிறுத்தப்பட்ட படிப்பை நாற்பதில் எந்தக் கொங்கிரஸ் திருப்பித் தரும்?

எமது கருத்து இது: ஒரு மாணவனை அவன் எங்கே பிறந்தான் என்பதால் அன்றி, எங்கே கற்றான் என்பதாலேயே பல்கலைக்கழகம் அளத்தல் வேண்டும். கலிபோர்னியாவின் விதி இதனையே செய்கின்றது; ஏனைய மாநிலங்களும் வதிவிடம் என்னும் சொல்லைக் கைவிட்டு அவ்விதியின் வழிச் செல்லுதல் நன்று.

இறுதியாக, அமெரிக்காவில் வாழும் எம் பழைய மாணவர்க்கும் அவர்தம் சுற்றத்தார்க்கும் ஒரு வார்த்தை. பெற்றோர் ஆவணமற்றவராயினும், அந்நாட்டிலே பிறந்த பிள்ளை அந்நாட்டின் குடி. சமஷ்டி உதவிக்கு அப்பிள்ளை உரியது. இஃது அறியாது படிப்பைக் கைவிட இடங்கொடாதீர். குடிகளல்லாதோர் தம்மைக் குடிகள் என்று எந்தப் படிவத்திலும் எழுதுதல் கூடாது. 1996 ஆம் ஆண்டின் சட்டப்படி அப்பொய் அவர்தம் பிற்கால வழிகளையெல்லாம் வாழ்நாள் முழுதும் அடைக்கக்கூடியது. படிவத்தை நிரப்புமுன் குடிவரவுச் சட்டம் அறிந்த வழக்கறிஞரை நாடுக. செலவு குறைந்த ஈராண்டுச் சமூகக் கல்லூரியிலே தொடங்கிப் பின் பல்கலைக்கழகத்துக்கு மாறுதலும் இழிவன்று. வசதியுடையோர் புலமைப்பரிசில் நிறுவுங்கால், "குடியுரிமை உடையோர்க்கு மட்டும்" என்னும் வரியை எழுதுமுன் ஒருமுறை சிந்திப்பாராக. அந்த ஒரு வரியை விடுதலால் உங்கள் கையிலிருந்து ஒரு காசும் கூடுதலாகச் செலவாகாது. ஒரு பிள்ளையின் வாழ்வு மட்டும் வேறாகும்.