அருவிக்குச் செல்லும் வழி யாருடையது?

இயற்கையின் அழகு எல்லோர்க்கும் பொது என்று கூறிப் பூரிக்கும் எழுத்தாளர் பலர் உளர். அருவியைப் பாடுவார்கள், அதன் திவலைகளிலே ஆண்டவனைக் காண்பார்கள். ஆனால், அந்த அருவியின் அடிவரை செல்லும் வழியை வெட்டியவன் யார், நிலம் எவன் கையில் இருந்தது, வாயிலில் நின்று காசு வாங்கியவன் யார் என்ற கேள்விகள் மட்டும் அவர்களுக்குக் கசக்கின்றன. நாம் அந்தக் கேள்விகளையே கேட்க விரும்புகின்றோம்.

ஐக்கிய அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்திலே சில்வர் போல்ஸ் என்னும் மாநிலப் பூங்கா உண்டு. ஏழு மைலுக்குச் சற்று அதிகமான நடைபாதையொன்று அங்கே பத்து அருவிகளை இணைக்கின்றது. 177 அடி உயரத்திலிருந்து விழும் தென் அருவியின் பின்புறமாக, பாறைக் குடைவினூடே நடந்து, நீர்த்திரைக்கு உள்ளிருந்து காட்டைக் காணலாம். 'மனிதக் கை படாத இயற்கை' என்று இத்தகைய இடங்களை வியப்பவர்களுக்கு இந்தப் பூங்காவின் வரலாறே தக்க பதிலாகும்.

கலப்பூயா, மொலாலா மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பிரதேசம் அது. 1850களில், உடன்படிக்கை என்ற பெயரால், அவர்கள் தம் நிலங்களிலிருந்து அகற்றப்பட்டனர். பின்னர் மர வியாபாரம் காட்டை மொட்டையடித்தது. தனியார் சொத்தாகிவிட்ட தென் அருவியோ வேடிக்கைப் பொருளாயிற்று. 1920களில் பழைய மோட்டார் வண்டிகளை அருவியின் உச்சியிலிருந்து தள்ளிவிட்டு, பார்க்க வந்தோரிடம் பணம் அறவிட்டார்கள். உடைமையாளனின் கையில் அருவி அடைந்த கதி இதுதான்.

அயலூரான சில்வர்ற்றனைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் யூன் டிறேக் இந்நிலையை ஏற்க மறுத்தார். தாம் எடுத்த படங்களையே ஆயுதமாகக் கொண்டு பல ஆண்டுகள் வாதாடினார். 1926இல் இவ்விடத்தைத் தேசியப் பூங்காவாக்கும் யோசனை நிராகரிக்கப்பட்டது. வெட்டுண்ட மரங்களின் அடிக்கட்டைகள் எங்கும் நின்றமையே காரணம்! எனினும் 1933இல் அது மாநிலப் பூங்காவாக மக்களுக்குத் திறக்கப்பட்டது.

பாதையை அமைத்தவர் யார்? பெருமந்தத்தால் வேலையிழந்த குடும்பங்களின் இளைஞர்கள். ரூஸ்வெல்ற் அரசாங்கம் 1933இல் தொடங்கிய இயற்கைவளப் பாதுகாப்புத் தொண்டர் படையினர் 1935 முதல் 1942 வரை இங்கே முகாமிட்டு நடைபாதைகளையும் கட்டடங்களையும் அமைத்தனர். மாதச் சம்பளம் 30 டொலர்; அதில் 25 டொலர் வீட்டுக்குச் சென்றது. அரை வயிறு நிரம்பாத குடும்பங்களின் அடுப்பை எரித்த உழைப்பே இன்று உல்லாசப் பயணி மிதித்துச் செல்லும் படியாக இருக்கின்றது.

இப்படையை நாம் கண்மூடிப் புகழ வரவில்லை. நிறவேற்றுமை கூடாதென்று சட்டம் கூறியிருந்தும், கறுப்பின இளைஞர்கள் தனி முகாம்களில் ஒதுக்கப்பட்டார்கள். பொதுச் சொத்தை உருவாக்கிய கரங்களையே நிறத்தால் பிரித்த கொடுமையை மறைப்பது முற்போக்காளர் வேலையன்று. ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது: தனியுடைமை வேடிக்கை காட்டிய இடத்திலே, பொதுப் பணமும் பொது உழைப்பும் வழி அமைத்தன.

'நடப்பவன் பணம் செலுத்தட்டும்; ஏனையோர் ஏன் சுமக்க வேண்டும்?' என்று இன்று கேட்கிறார்கள். ஒறிகன் மாநிலப் பூங்காக்கள் பெரும்பாலும் லொத்தர் வருமானத்தையும் வருவோர் செலுத்தும் கட்டணத்தையும் நம்பியே நடக்கின்றன. கட்டணம் அறவிடும் பூங்காக்களில் வாகனமொன்றுக்கான நாட்கட்டணம் 2025இல் 5 டொலரிலிருந்து 10 டொலராயிற்று. செல்வன் அதை உணரவும் மாட்டான். நாட்கூலிக்காரனோ பிள்ளைகளை ஏற்றிச் செல்லுமுன் கணக்குப் பார்ப்பான். கட்டணம் ஒன்றே, சுமை ஒன்றல்ல. பள்ளிக்கும் நூலகத்துக்கும் பொதுப்பணம் நியாயமென்றால், களைத்த உழைப்பாளி தன் பிள்ளைகளோடு அருவிக் கரையில் நடப்பதற்கு மட்டும் அது எப்படி வீண் செலவாகும்? அன்று வாயிலில் நின்றவன் தனிமனிதன். இன்று நிற்பது அரசு. ஏழைக்கு வாயில் வாயில்தானே!

ஆசிரியர்களே, மாணவர்களே! எந்த நாட்டு அருவிக்குச் சென்றாலும் அதன் அழகை மனமார அனுபவியுங்கள்; அழகை வெறுப்பவர்களல்லர் நாம். ஆனால், கால் பதிக்கும் கல்லையும் பாருங்கள். அதைச் சுமந்தவன் யாரென்று கேளுங்கள். அவன் பேரப்பிள்ளை இன்று அந்த வழியே வர முடிகிறதா என்றும் கேளுங்கள். முடியவில்லையென்றால், அந்த வாயில் திறக்கப்படும் வரை வாதாடுவது நம் கடமை.