கூடிப் புனையும் கதையிற் புதியவர் உரிமை

வட்டமாக அமர்ந்த சிலர், ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, முன்னரே எழுதப்படாத கதையொன்றை வாய்ப்பேச்சாலேயே வளர்த்துச் செல்வது பாத்திரமேற்றல் விளையாட்டு. அத்தகைய குழுவொன்றிற் புதிதாய்ச் சேர்பவரை, 'முதலில் இருந்து பார்க்கட்டும். பழகியபின் பேசலாம்' என ஓரத்தில் இருத்துவோர் பலர். அதனைக் கரிசனை எனவும் அவர்கள் கருதுகின்றனர். கதைசொல்லும் உரிமையைப் பகிர்வதே தம் ஆட்டத்தின் சிறப்பென மார்தட்டுவோர், அவ்வுரிமையைத் தகுதித் தேர்வின் பரிசாக்குவது எங்ஙனம் பொருந்தும்?

இவ்வழக்கத்தின் வேர் பழையது. 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் ஆக்கிய 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' கதையுலகை நடத்துநர் ஒருவரிடம் ஒப்படைத்தது. ஏனையோர் தத்தம் பாத்திரத்தின் செயலையே கூறினர். 1979இல் வெளிவந்த நடத்துநர் கைந்நூலின் முன்னுரையோ, நடத்துநரல்லாதார் அந்நூலை வைத்திருப்பதையே இகழ்ந்தது. வேடிக்கையாக எழுதப்பட்டதுதான், எனினும் அவ்வேடிக்கையுள் ஒரு மனப்பாங்கு ஒளிந்துள்ளது. அறிவு ஒருவரிடம் பூட்டப்பட்டிருந்த ஆட்டத்திற் புதியவர் காத்திருந்து கற்பதற்கு ஓரளவேனும் நியாயம் இருந்தது. நடத்துநரே இல்லாத ஆட்டங்களுக்கும் அவ்வழக்கத்தைக் கொண்டுவருவோருக்கு அதுவும் இல்லை.

'எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள்' என்று புதியவரை நடுவெளியில் நிறுத்துவோரும் உளர். இது முன்னையதினும் கொடிது. பற்றுக்கோடற்ற சுதந்திரம் நாவைக் கட்டிவிடும். ஜேசன் மோர்னிங்ஸ்டார் 2009இல் வெளியிட்ட 'பியாஸ்கோ' இவ்விடத்து நோக்கத்தக்கது. அதில் முதற்காட்சி தொடங்குமுன்பே, உருட்டிய தாயக்கட்டைகளின் எண்களைக் கொண்டு, ஒவ்வொருவருக்கும் இருபுறத்தும் அமர்ந்திருப்போருடன் உள்ள உறவுகள் பட்டியல்களிலிருந்து தெரியப்படுகின்றன. புதியவர் வாய்திறக்குமுன்னரே ஒருவருக்குத் தம்பியாகவும் மற்றவருக்குக் கடன்பட்டவராகவும் ஆகிவிடலாம். தம் முறை வரும்போது காட்சியின் தொடக்கம், முடிவு என்னும் இரண்டில் ஒன்றை அவர் தீர்மானித்தாற் போதும். மற்றையதை ஏனையோர் பார்த்துக்கொள்வர். சுமை பாதியாகின்றது, உரிமையோ குறையவில்லை.

பழகியோரின் உதவியும் சிலவேளை இடையூறே. நீண்டதொரு வரலாற்றைப் பலர் கூடிப் புனையும் 'மைக்ரோஸ்கோப்' என்னும் ஆட்டத்தை 2011இல் வெளியிட்ட பென் ராபின்ஸ் இதனை நன்குணர்ந்திருந்தார். ஒருவர் தம் முறையில் வரலாற்றுக்குப் புதியதொன்றைச் சேர்க்கையில் ஏனையோர் யோசனை கூறுவதை அவ்விதிகள் தடுக்கின்றன.

புதியவர் கதையின் ஒருமையைக் குலைப்பர் என்பதே எஞ்சும் ஆட்சேபம். அதற்கும் அவ்வாட்டத்தில் விடையுண்டு. கதையில் இடம்பெறத்தக்கவை, இடம்பெறலாகாதவை என்னும் இரு பட்டியல்களைத் தொடக்கத்திலேயே அனைவரும் சேர்ந்து வகுக்கின்றனர்; விலக்கும் உரிமை அங்குப் புதியவருக்கும் உண்டு. அவ்வரையறைக்குள் நின்று, பேரரசொன்றின் வீழ்ச்சிக்கு ஓர் உப்பு வணிகனைக் காரணமாக்கும் புதியவரைத் திருத்த முற்படும் மூத்தவர் காப்பது, தாம் மனத்துள் முன்னரே எழுதிவைத்த முடிவையே.