ஒரே கல், ஐம்பது ஊர்

நார்வே நாட்டுச் சிற்பி நிகோ வீடர்பர்க் மீது அந்த ஊர் கலை உலகத்தில் சிலருக்கு ஒரு கோபம் உண்டு. ஒரே நினைவுச் சின்னத்தை ஐம்பது ஊரில் நட்டுவிட்டாராம். இட்லித் தட்டில் வார்த்து எடுத்த மாதிரி எல்லா ஊரிலும் ஒன்றே போல. இதில் கலை எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

கேட்கலாம். அந்தக் கல் எதற்காக வந்தது என்பதையும் கூடவே சொல்லிவிட்டுக் கேட்டால் நியாயம்.

2011 ஜூலை 22, ஒரு வெள்ளிக்கிழமை. ஆஸ்லோவில் அரசு அலுவலகங்கள் இருக்கும் பகுதியில் வேனில் வைத்த குண்டு வெடித்து 8 பேர் செத்தார்கள். குண்டு வைத்த அதே ஆசாமி போலீஸ் உடுப்பு மாட்டிக்கொண்டு ஊட்டோயா என்ற குட்டித் தீவுக்குப் போனான். அங்கே தொழிலாளர் கட்சியின் இளைஞர் அணி கோடை முகாம் நடத்திக்கொண்டிருந்தது. 69 பேரின் உயிரைப் பறித்தான். பெரும்பாலும் பதின்வயதுப் பிள்ளைகள். சிலருக்கு வயது 14. (அவன் பெயர் இந்தப் பக்கத்தில் வராது. தானாகவே போதுமான விளம்பரம் தேடிக்கொண்டவன்.)

அந்தப் பிள்ளைகள் முகாமுக்கு நாட்டின் நாலா மூலையிலிருந்தும் வந்தவர்கள். அதனால் சாவும் நாலா மூலைக்கும் திரும்பிப் போனது. வடக்கே ஒரு மீன்பிடி ஊரில் ஒரு பெண், மேற்கே ஒரு சின்ன டவுனில் இரண்டு பையன்கள் என்று. தலைநகரத்தில் ஒரு பிரம்மாண்டத்தைக் கட்டிவிட்டு எல்லாரும் இங்கே வந்து அழுங்கள் என்று சொல்லிவிட முடியாத துக்கம் இது.

அப்போதுதான் பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் பணம் கொடுக்க முன்வந்தார். யாரையாவது பறிகொடுத்த ஒவ்வொரு நகராட்சிக்கும் ஒரு நினைவுக் கல். செய்பவர் வீடர்பர்க். முதலாம் ஆண்டு நினைவு நாள் வந்த 2012-லேயே பல ஊர்களில் கல் நின்றுவிட்டது.

வீடர்பர்க் ஒன்றும் நேற்று முளைத்தவர் இல்லை. 1960-ல் பிறந்தவர். அப்பா ஃப்ரான்ஸ் வீடர்பர்க் நார்வேயின் பெரிய ஓவியர். பெரிய மரத்தடியில் இன்னொரு செடி வளர்வது சிரமம். இவர் வண்ணத்தை அப்பாவிடமே விட்டுவிட்டு வெண்கலம், கல், கண்ணாடி பக்கம் போய்விட்டார். திரும்பத் திரும்ப மனித உருவம்தான். அதையும் செதுக்கிச் செதுக்கிக் கடைசியில் ஒரு தூணளவுக்குக் குறைத்துவிடுவார். இங்கிலாந்தில் நியூகாசிலில் நிற்கும் சிலைக்குப் பெயரே 'தூண் மனிதன்'. நிமிர்ந்து நிற்பதைத் தவிர வேறு எதுவும் செய்யாத உருவங்கள். செத்த பிள்ளைகளுக்குக் கல் நடுவதற்கு இதைவிடப் பொருத்தமான கை எது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நாட்டுக்காரர்களுக்கே 'பௌட்டா' என்று நடுகல் மரபு ஒன்று ஆயிரம் வருஷத்துக்கு மேலாக இருக்கிறது.

எதிர்ப்பு இரண்டு விதமாக வந்தது. முதலாவது, முறைப்படி போட்டி வைக்கவில்லை, நிபுணர் குழு பார்க்கவில்லை, தனியார் பணம் பொது இடத்தில் நுழைகிறது என்பது. இதில் விஷயம் இருக்கிறது. இலவசமாகக் கல் வருகிறது, பெற்றவர்கள் கண்ணீரோடு நிற்கிறார்கள், எந்த மேயர் வேண்டாம் என்பார்? சில நகராட்சிகள் துணிந்து வேண்டாம் என்றும் சொன்னார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் பணம் கொடுத்து ஊர்ச் சதுக்கத்தைப் பிடிப்பவன் கல்லில் தன் பேரையாவது பொறித்துக்கொள்வான். இந்த மனுஷர் அதையும் கேட்கவில்லை.

இரண்டாவது எதிர்ப்புதான் எனக்குக் கொஞ்சமும் ஜீரணமாகாதது. 'எல்லாம் ஒன்று போல.' ஆமாம் ஸார், ஒன்று போலத்தான். முதல் உலகப் போர் முடிந்து பிரிட்டிஷ்காரர்கள் கல்லறைக் கற்கள் வைத்தபோதும் இதே சண்டை நடந்தது. ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல் என்று முடிவானது. எங்கள் பையனுக்கு நாங்களே சிலுவை வைத்துக்கொள்கிறோம் என்று வசதியுள்ளவர்கள் மல்லுக்கட்டினார்கள். 1920-ல் நாடாளுமன்றம் வரை போய்த்தான் விவகாரம் அடங்கியது. ஒரே கல் என்பது சோம்பேறித்தனமா, சமமா என்பதை அந்த வரிசைகளைப் பார்க்கிறவர்கள் சொல்லட்டும். பெரிய நகரத்துக்கு உலகப் புகழ் சிற்பி, குக்கிராமத்துக்கு உள்ளூர்க் கொத்தனார் என்று போயிருந்தால் கலை நன்றாக இருந்திருக்குமோ என்னமோ, நியாயம் இருந்திருக்காது.

சரி, முறைப்படி போட்டி வைத்து, நிபுணர்களைக் கூட்டிச் செய்தால் என்ன ஆகும்? அதையும் அரசாங்கம் செய்து பார்த்தது. 2014-ல் ஸ்வீடன் கலைஞர் யோனாஸ் டால்பெர்க் ஜெயித்தார். ஊட்டோயாவுக்கு எதிரே தெரியும் நிலமுனையைக் குறுக்கே மூன்றரை மீட்டர் அகலத்துக்கு வெட்டிப் பிளப்பது, கைக்கு எட்டாத எதிர்ப்பக்கப் பாறையில் இறந்தவர்கள் பெயரைச் செதுக்குவது. 'நினைவுக் காயம்' என்று பெயர். உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. காகிதத்தில் பார்த்தால் நானும் கைதட்டுவேன்.

அந்தக் கரையில் குடியிருப்பவர்கள் தட்டவில்லை. அன்றைக்குத் துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே சொந்தப் படகை எடுத்துக்கொண்டு போய், நீந்தித் தப்பிய பிள்ளைகளைத் தூக்கி வந்தவர்கள் அவர்கள். தினம் காலையில் ஜன்னலைத் திறந்தால் ஒரு காயமா என்று கேட்டார்கள். நிபுணர் குழு இந்தக் கேள்வியை முதலிலேயே அவர்களிடம் போய்க் கேட்டிருக்க வேண்டாமா? வழக்கு, இழுபறி, கடைசியில் 2017-ல் அரசே திட்டத்தைக் கைவிட்டது. பிறகு இடத்தை மாற்றி, தீவுக்குப் படகு ஏறும் துறையருகே என்றார்கள். அதற்கும் வழக்கு. 2021-ல் நீதிமன்றம் அனுமதித்து, 2022 ஜூனில்தான் திறப்பு விழா. பதினோரு வருஷம்! செத்தபோது பதினாலு வயதாக இருந்த பிள்ளை உயிரோடு இருந்திருந்தால் இருபத்தைந்தாகியிருக்கும்.

வீடர்பர்க்கின் கல்லுக்கு அதற்குள் பத்துக் குளிர்காலம் ஆகிவிட்டது. பெற்றவர்கள் பஸ் பிடித்து எங்கும் போக வேண்டியதில்லை, சொந்த ஊரிலேயே பூ வைக்கலாம்.

அப்புறம், அந்தப் படகுத் துறையில் பதினோரு வருஷம் யோசித்து அரசாங்கம் கடைசியில் என்ன நட்டது தெரியுமோ? வெண்கலத் தூண்கள். ஒவ்வொன்றும் மூன்று மீட்டர் உயரம். 77 பேருக்கு 77 தூண். எல்லாம் ஒன்று போல.