பொதிகள் மூன்று; கட்டணமும் மூன்றா?

இணையக் கடைகளில் பொருள் வாங்கும் வழக்கம் கொழும்பைக் கடந்து கண்டி, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை, கம்பளை எங்கும் பரவிவிட்டது. நோன்புப் பெருநாளும் தீபாவளியும் நெருங்குகையில் ஒரே தடவையில் மூன்று, நான்கு பொருட்களுக்குக் கட்டளையிடுவோர் பலர். விநியோகக் கட்டணம் கணிக்கப்படும் முறை அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தனியார் பொதிச்சேவைகள் பொதுவாக முதற் கிலோவுக்குக் கூடிய தொகையையும் மேலதிக கிலோ ஒவ்வொன்றுக்கும் குறைந்த தொகையையும் அறவிடுகின்றன. முதற் கிலோவுக்கு 400 ரூபா, மேலதிக கிலோவுக்கு 100 ரூபா என வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கிலோ எடையுள்ள மூன்று பொருட்கள் ஒரே பொதியாக வந்தால் 600 ரூபா. தனித்தனியே வந்தால் 1,200 ரூபா. விற்பனையாளர்கள் வெவ்வேறு ஊர்களில் இருப்பின் இதனைத் தவிர்க்க முடியாது. ஆனால், ஒரே களஞ்சியத்திலிருந்து ஒரே நாளில் புறப்படும் பொருட்களுக்கும் மூன்று முதற்கிலோக் கட்டணங்களை அறவிடுவது எவ்வகையில் நியாயம்?

பருமனும் சேர்ந்துகொள்கிறது. நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5,000 ஆல் வகுப்பது இத்துறையில் பரவலான வழக்கம். 40, 30, 25 என்ற அளவுள்ள பெட்டிக்குள் தலையணைதான் இருந்தாலும் அது 6 கிலோவாகிவிடும்!

வீட்டிலிருந்தே ஆடைகளும் வாசனைத் திரவியங்களும் விற்கும் பெண்களின் நிலையையும் நாம் மறந்துவிடலாகாது. கணிப்புத் தவறினால் இலாபம் முழுவதும் பொதிக்கூலியாகப் போய்விடும். 2022 ஓகஸ்டில் சாதாரண கடிதத்துக்கான தபால் கட்டணமே 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாக உயர்ந்தது.

கடைகளில் விலையைக் காட்சிப்படுத்துமாறு 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பணிக்கிறது. பொதிகளின் எண்ணிக்கையும் ஒவ்வொன்றுக்குமான கட்டணமும் பணம் செலுத்து முன்னரே திரையில் தோன்றுவதை அதிகாரசபை உறுதிப்படுத்த வேண்டுமென வலியுறுத்துகிறோம். ஒரே களஞ்சியத்துப் பொருட்களை ஒன்றாகக் கட்டி அனுப்புமாறு கோரும் வாய்ப்பும் வாடிக்கையாளருக்கு வழங்கப்படல் வேண்டும்.