தாலாட்டில் ஒலிப்பது யாருடைய ஊர்?

நாட்டுப்புறப் பாடல் என்றதும் நம்மில் பெரும்பாலோர்க்கு முதலில் நினைவுக்கு வருவது பாட்டன்று, இடம். தூளி கட்டிய விட்டம், கோயில் வாசலில் கும்மி கொட்டிய நிலாவெளிச்சம், நடவு வயலின் வரப்பு, சேற்று மணம். பாட்டின் இரண்டாம் அடி மறந்திருக்கும்; அதைக் கேட்ட திண்ணை மறந்திராது. நாற்பதைக் கடந்து நகரத்தில் குடியேறிவிட்ட ஒருவரிடம் ஒரு தாலாட்டின் மெட்டை முணுமுணுத்துப் பாருங்கள். அவர் பாட்டைப் பற்றிப் பேசமாட்டார். தம் ஊரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வதும் உண்டு.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. பாட்டு அப்படித்தான் செய்யும். ஆனால், இந்த நினைவேக்கத்தில் நாம் கேட்டவர்களாகவே நின்றுவிடுகிறோம், பாடியவர் அந்தப் பாட்டில் எதை நினைத்தார் என்று கேட்பதேயில்லை என்பதுதான் இங்கே நாம் முன்வைக்க விரும்பும் கருத்து. கேட்பதற்கான காலமும் வேகமாகச் சுருங்கிக்கொண்டிருக்கிறது.

குறுந்தொகையின் 23ஆம் பாட்டு ஔவையாருடையது. தலைவியின் மெலிவுக்குக் காரணம் அறியக் கட்டுவிச்சியை அழைத்துக் குறி கேட்கிறார்கள். அவள் தொழில்முறைப்படி மலைகளைப் பாடுகிறாள். அவற்றுள் ஒன்று தலைவனுடைய மலை. தோழி உடனே குறுக்கிட்டு, அந்தக் குன்றத்தைப் பாடிய பாட்டை மட்டும் மீண்டும் பாடச் சொல்கிறாள். கட்டுவிச்சிக்கு அது பல மலைகளுள் ஒரு மலை. தலைவிக்கோ ஒருவனுடைய மலை. பாடுபவள் அறியாத பொருளைக் கேட்பவள் கேட்டுவிடுகிறாள். ஒரு பாட்டு எவ்வாறு தனிமனித நினைவைத் தீண்டுகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நாம் வேறெங்கும் கண்டதில்லை. வகுப்பில் இப்பாட்டை நடத்தும்போதெல்லாம் அறத்தொடு நிற்றல் என்ற துறைப்பெயரோடு நிறுத்திக்கொள்ள மனம் வருவதில்லை.

நாமும் இன்று அந்தத் தலைவியின் நிலையில்தான் இருக்கிறோம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கட்டுவிச்சி குறி சொல்ல வந்தவள். நம் பாட்டிமார் தொழிலுக்காகத் தாலாட்டுப் பாடவில்லை. அவர்களுக்கும் ஒரு குன்றம் இருந்தது.

தாலாட்டு என்பது குழந்தையை உறங்கவைக்கும் பாட்டு என்றே பாடநூல்கள் வரையறுக்கின்றன. தால் என்பது நா. நாவை ஆட்டிப் பாடுவதால் அப்பெயர் என்று விளக்கமும் தருகின்றன. உறங்கவைக்க அந்த நாவோசை ஒன்றே போதுமே! அதற்குமேல் இத்தனை செய்திகள் எதற்கு? தமிழ்த் தாலாட்டை எந்த வட்டாரத்திலிருந்து எடுத்துப் பார்த்தாலும் அதில் ஓங்கி நிற்பவன் தாய்மாமன். குழந்தைக்கு அவன் கொண்டுவரும் சீர் வரிசை, அவன் வீட்டின் செழிப்பு, அவன் மாட்டின் அழகு, அவன் ஊர்க் குளம். அழுகிற குழந்தையை யார் அடித்தது என்று கேட்கும் பகுதியில்கூட அடித்தவர்களாக உறவினர்கள் வரிசையாக வருவார்கள். அடித்த கோல் பெரும்பாலும் பூவாகவே இருக்கும். தந்தையின் வீட்டாருக்கு இப்பாடல்களில் கிடைக்கும் இடம் ஒப்புநோக்கக் குறைவு.

இது தற்செயலன்று. மணமாகி வேற்றூர் வந்த பெண், தன் பிறந்தகத்தின் பெருமையைப் புகுந்த வீட்டின் கூடத்தில் வாய்விட்டுப் பேச இயலாத காலம் அது. பேசினால் சண்டை. குழந்தையிடம் பாடுவதை யார் தடுக்க முடியும்? பாட்டு தூளிக்குள் இருந்த குழந்தைக்குச் சொல்லப்பட்டது. கேட்கவேண்டிய காதுகள் தூளிக்கு வெளியே, திண்ணையிலும் அடுப்படியிலும் இருந்தன. காதுகுத்துக்குக் குழந்தையை மடியில் இருத்தும் உரிமை தாய்மாமனுக்கு உண்டு. தென் மாவட்டங்களிலும் பிற பகுதிகளிலும் அவன் வீட்டிலேயே பெண் எடுப்பதும் கொடுப்பதும் வழக்கமாதலின், அவனே பின்னாளில் மாமனார் ஆகவும் கூடும். ஆக, அவன் பெருமை பாடுவதில் கணக்கும் இருந்தது, கண்ணீரும் இருந்தது. அண்ணன் தங்கை உறவைக் கதையாக்கிய 'கிழக்குச் சீமையிலே' 1993இல் திரைக்கு வந்தபோது கிராமத்துக் கொட்டகைகளில் பெண்கள் அழுத அழுகையைக் கண்டவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

பெரியாழ்வார் இதை நன்கு அறிந்திருந்தார் என்றே தோன்றுகிறது. கண்ணனுக்கு அவர் பாடிய தாலாட்டில் பிரமனும் சிவனும் இந்திரனும் தொட்டிலும் அணிகலன்களும் அனுப்புகிறார்கள். நாட்டுப்புறத் தாலாட்டில் மாமன் வரிசை வைக்கும் இடத்தில் தேவர்களை வரிசை வைக்கச் செய்திருக்கிறார். தத்துவ உரைகளுக்கு இடையே இந்த எளிய செய்தி பலர் கண்ணில் படுவதில்லை.

எனவே, தாலாட்டைக் கேட்டு நாம் நம் பாட்டியின் வீட்டை எண்ணி ஏங்குகிறோம். பாட்டியோ அதே பாட்டில், அதே வீட்டிலிருந்துகொண்டு, தன் தாய் வீட்டை எண்ணி ஏங்கிக்கொண்டிருந்தாள். நாம் இழந்துவிட்டதாக எண்ணிக் கலங்கும் அந்த வீடு அவளுக்கு வந்து சேர்ந்த வீடு, பிறந்த வீடன்று.

சில ஆண்டுகளாக நம் கல்லூரியில் நாட்டுப்புறவியல் தாளுக்கான ஒப்படைப்பாக, வீட்டு முதியவர்களிடம் ஒரு பாடலைக் கேட்டு எழுதி வருமாறு மாணவர்களைப் பணிக்கிறோம். (வருபவற்றில் கால்பங்கு திரைப்படப் பாட்டாகவே இருக்கும், அதுவும் ஒரு செய்திதானே.) ஒரு மாணவி தன் அப்பாயியிடமிருந்து நீண்டதொரு தாலாட்டைக் கொண்டுவந்தாள். வெள்ளிச் சங்கும் பொன் அரைஞாணும் பட்டுத் தொட்டிலுமாக மாமன் அள்ளி வழங்கும் பாட்டு. பாட்டை மட்டுமின்றி, அந்த மாமன் யார் என்றும் கேட்டு வா என்று திருப்பி அனுப்பினோம். அடுத்த வாரம் அவள் எழுதி வந்தது அரைப்பக்கம். அப்பாயிக்கு அண்ணன் ஒருவர் இருந்திருக்கிறார். சொத்துத் தகராறில் பேச்சு நின்று, முதல் குழந்தையின் காதுகுத்துக்குக்கூட அவர் வரவில்லை. அந்த ஆண்டுதான் அப்பாயி இந்தப் பாட்டை அதிகம் பாடியிருக்கிறார். வராத சீரைத்தான் பாட்டில் அத்தனை அடிகளாக அடுக்கியிருக்கிறார். மாணவியின் தந்தையாருக்கு, தாம் தூங்கிய அந்தப் பாட்டின் பின்னே இப்படியொரு கதை இருந்தது அன்றுவரை தெரியாதாம்.

மதிப்பெண் அந்த அரைப்பக்கத்துக்குத்தான் கொடுத்தோம்.

தொழிற்பாடல்களில் இந்த இடைவெளி இன்னும் கூர்மையானது. காவிரிப் படுகையில் நடவுப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் அதை எழுதும்போது பச்சை வயலையும் குலவை ஒலியையும் குளிர்ந்த காற்றையும் எழுதுவார்கள். எல்லாம் உண்மையே. ஆனால் அவர்கள் நின்ற இடம் வரப்பு. பாடியவர்கள் சேற்றில் குனிந்து, நட்ட நாற்றைப் பார்த்தபடி பின்னோக்கி நகர்ந்தவர்கள். ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடிய பாட்டில் காதலும் கேலியும் இருந்தன. இறங்காத வெயிலும், மரநிழல் தூளியில் பாலுக்கு அழும் பிள்ளையும், அளவு குறைந்த கூலி நெல்லும் இருந்தன. பாட்டு அவர்கள் கையை ஒரு தாளத்தில் வைத்தது. அத்தாளத்தால் வேலை விரைந்தது. விரைந்ததன் பயன் யாருக்குப் போயிற்று என்பது வேறு கதை. இதே படுகையில், கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். அந்த வயல்களிலும் நடவுப் பாட்டு ஒலித்திருக்கும். அதை வெறும் மண்வாசனை என்று எழுதிவிட்டுப் போவது எப்படி?

ஏற்றப்பாட்டைக் குறித்தும் இதையே சொல்லவேண்டும். நம் தலைமுறை ஏற்றம் இறைத்துப் பார்த்ததில்லை. மின்மோட்டார் வந்தபின் பிறந்தவர்கள் நாம். ஏற்றக்காரர் பாடிய ஓரடியைக் கேட்டுவிட்டு, அடுத்த அடி என்னவாக இருக்கும் என்று கம்பர் இரவெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்ட கதை மட்டும் எல்லோருக்கும் தெரியும். மேலே மரத்தில் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பவரின் காலடியில் கிணறு வாய் திறந்திருந்தது என்பதும், பாட்டின் எண்ணிக்கை உண்மையில் இறைத்த சாலின் கணக்கு என்பதும் அக்கதையில் வருவதில்லை. ஏற்றப்பாட்டு மறைந்துவிட்டதே என்று வருந்துபவர்கள், ஏற்றம் மிதித்த ஒருவரிடம் போய் அவ்வருத்தத்தைச் சொல்லிப் பார்க்கலாம். அவர் மின்மோட்டாரைக் கையெடுத்துக் கும்பிடுவார். வேலை ஒழிந்தது நல்லது. பாட்டு ஒழிந்தது இழப்பு. இரண்டையும் ஒருசேரச் சொல்லும் நேர்மை நம் ஏக்கக் கட்டுரைகளுக்கு வேண்டும்.

நம் முன்னோடித் தொகுப்பாளர்கள் செய்த பணியைக் குறைத்து மதிப்பதற்கில்லை. மு. அருணாசலம் 1943இல் 'காற்றிலே மிதந்த கவிதை'யைக் கொண்டுவந்தார். பெர்சி மாக்வீன் என்னும் ஆங்கிலேய அதிகாரி திரட்டிவைத்த பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 'மலையருவி'யாக 1958இல் வெளியிட்டது. நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' தொகுப்பில் வட்டார வழக்குக்குக் குறிப்பும், சேகரித்தவர் பெயரும், ஊர்ப்பெயரும் இருப்பதைப் படித்தவர்கள் அறிவார்கள். ஆய்வாளர்க்குரிய அந்த ஒழுக்கம் போற்றத்தக்கது. ஆனால் பாடலின் பொதுத்தன்மையே அவர்களுக்கு முதன்மையாக இருந்தது. மக்கள் பாடினார்கள் என்பது அவர்கள் நிறுவ வேண்டிய உண்மை. இந்தப் பெண் இந்தப் பாட்டை ஏன் பாடினாள் என்பது பெரும்பாலும் அவர்கள் கேள்வியாக இருக்கவில்லை. அந்தக் கேள்வியை அயலூரிலிருந்து வரும் தொகுப்பாளரால் கேட்கவும் இயலாது. பேரனும் பேத்தியும்தான் கேட்க முடியும்.

ஒப்பாரியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். இழவு வீட்டில் வட்டமாக அமர்ந்து கட்டிக்கொண்டு அழும் பெண்களுள் பாதிப்பேர் இறந்தவரை அழுவதில்லை. ஒருத்தி தாயை அழுவாள், மற்றொருத்தி நொடித்துப்போன தன் பிறந்தகத்தை அழுவாள். அடுத்தவர் இழவு தன் இழவை அழுவதற்கான அனுமதி. ஊரே இதை அறியும். யாரும் குற்றமாகக் கருதுவதில்லை. சொல்லப்போனால் நினைவேக்கத்துக்கு நம் மக்கள் அமைத்துக்கொண்ட முறையான அரங்கு அது. சிறுவயதில் அந்த வட்டத்துக்கு வெளியே பயந்து நின்ற நமக்கு, யார் யாரை அழுகிறார்கள் என்பது எங்கே தெரிந்தது?

இன்று கைபேசி எல்லோரிடமும் இருக்கிறது. பாட்டியை அமர்த்திப் பாடச்சொல்லிப் பதிந்து, குடும்பத்தார்க்கெல்லாம் அனுப்பும் வழக்கமும் வந்துவிட்டது. நல்ல வழக்கமே. பெரும்பாலான பதிவுகள் பாட்டு முடிந்ததும் முடிந்துவிடுகின்றன என்பதுதான் நம் மனக்குறை. பாட்டு முடிந்தபின் கருவியை அணைக்காமல் இன்னும் கால்மணி நேரம் விட்டுவையுங்கள். இதை யாரிடம் கற்றீர்கள், எந்த ஊரில், யார் தூளியில் இருந்தபோது பாடினீர்கள், அந்த மாமன் பெயர் என்ன, அவர் உண்மையில் என்ன கொண்டுவந்தார் என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு "அதெல்லாம் எதுக்கு இப்போ?" என்றுதான் விடை வரும். சற்றுப் பொறுத்தால் மற்றவை வரும். நடவுக்குப் போனவராயின், யார் வயல், என்ன கூலி, எந்தப் பாட்டை வயல்காரர் வந்தால் நிறுத்திவிடுவீர்கள் என்று கேளுங்கள். இக்கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடியவர்கள் இன்று பெரும்பாலும் எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள்.

ஒன்றை மட்டும் நினைவிற்கொள்ளவேண்டும். ஒப்பாரியை வீட்டுக்குள் வைத்துப் பாடச்சொல்லாதீர்கள். ஆட்கள் நலமாயிருக்கும் வீட்டில் அது அமங்கலம் என்பது பலரின் நம்பிக்கை. களப்பணிக்குப் போகும் மாணவர்கள் முதல் நாளே இதில்தான் முட்டிக்கொள்வார்கள். கொல்லைப்புறத்துக்கோ ஊருக்கு வெளியே கண்மாய்க் கரைக்கோ அழைத்துச் சென்றால் பாடுவார்கள். அமர்வதற்கு ஒரு பாயும், குடிக்கத் தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள். பாதியில் அழுகை வந்தால், பதிவை நிறுத்தலாமா என்று அவரையே கேளுங்கள்.