கழிவுநீரில் ஹார்மோன்: விலை கொடுப்பது யார்?

பெண் மீன்களின் முட்டைக்கு ஊட்டமளிக்கும் புரதம், ஆண் மீனின் கல்லீரலிலும் உருவாகிறது. வெளியேற வழியின்றி இரத்தத்தில் தேங்கும் அது கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சிதைக்கிறது. விந்தகம் வளர்ச்சி குன்றுகிறது. சில மீன்களில் விந்தகத்துக்குள்ளேயே முட்டைச் செல்கள் தோன்றுகின்றன. கழிவுநீரோடு கலக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் விளைவு இது. பிரிட்டன் ஆறுகளில் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் விழும் இடங்களுக்குக் கீழே வாழும் ரோச் மீன்களில் இது பரவலாக உள்ளதென 1998இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு சோதனை ஏரியில், கருத்தடை மாத்திரையிலுள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜனை 2001 முதல் 2003 வரை கலந்தனர். லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் மட்டுமே. ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. அங்கிருந்த சிறு மீனினம் அழிவின் விளிம்புக்குச் சென்றது. கலப்பதை நிறுத்திய பின் சில ஆண்டுகளில் அது மீண்டது. தடுத்தால் மீட்க முடியும் என்பதே இதன் பாடம்.

கிங்ஸ் சர்க்கிளுக்கு அருகிலுள்ள தாராவியின் வடக்கு விளிம்பில் மித்தி ஆறு ஓடுகிறது. விஹார், பவாய் ஏரிகளின் உபரிநீரில் பிறக்கும் அது, வழியெங்கும் சாக்கடையையும் ஆலைக் கழிவையும் சுமந்து மாஹிம் கழிமுகத்தில் கலக்கிறது. சுத்திகரித்த நீரே பிரிட்டனில் மீன்களைப் பாதித்ததெனில், சுத்திகரிக்காத நீர் விழும் இடத்தில் கோலி மீனவர்களின் வாழ்வாதாரம் என்னவாகும் என்று கேட்பது நம் கடமை.

இதற்குத் தாராவி மக்கள்மீதோ மாத்திரை உட்கொள்ளும் பெண்கள்மீதோ பழிபோடுவது அறிவியலுக்கும் நியாயத்துக்கும் புறம்பானது. மாளிகைவாசியோ குடிசைவாசியோ, எல்லா மனிதர் சிறுநீரிலும், கால்நடைகளின் சிறுநீரிலும் இயற்கையாகவே ஈஸ்ட்ரோஜன் உண்டு. ஆலைகளில் பயன்படும் சில சலவை வேதிப்பொருள்களும் மீனுடலில் இதேபோல் செயல்படுகின்றன. கழிவைச் சுத்திகரிக்காமல் விடுவது அரசின் தேர்வு, மக்களின் குற்றமல்ல.

2023 ஜனவரியில் தாராவி உள்ளிட்ட ஏழு இடங்களில் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். நிலையம் எழுந்தால் மட்டும் போதாது. வழக்கமான சுத்திகரிப்பு இந்த ஹார்மோன்களை முழுமையாக நீக்குவதில்லை. ஓசோன் அல்லது செறிவூட்டிய கரி கொண்ட கூடுதல் கட்டம் தேவை. நம் நாட்டில் ஆற்றுநீரின் தரம் கரைந்த ஆக்சிஜன், மலக்கிருமிகள் போன்றவற்றைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது, ஹார்மோன்களுக்கு வரம்பில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2015இலேயே ஈஸ்ட்ரோஜன்களைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தது. 2024இல் இயற்றிய சட்டத்தின்படி, இக்கூடுதல் சுத்திகரிப்புச் செலவில் குறைந்தது 80 விழுக்காட்டை மருந்து, அழகுசாதன உற்பத்தியாளர்களே ஏற்க வேண்டும். முதலாளித்துவ நாடுகளே விதிக்கும் இக்கடமையை இங்குள்ள மருந்துப் பெருநிறுவனங்கள்மீது விதிக்க ஒன்றிய அரசு ஏன் தயங்க வேண்டும்?

மித்தியிலும் மாஹிமிலும் ஹார்மோன் அளவையும் மீன்களின் உறுப்புகளையும் ஆய்ந்து முடிவை மக்கள்முன் வைக்க வேண்டும். செலவை வரி செலுத்தும் உழைப்பாளியின் தலையில் சுமத்தாமல், லாபம் ஈட்டுவோரிடம் வசூலிக்க வேண்டும். குடிநீருக்கும் கழிப்பறைக்குமான நமது போராட்டங்களில் இக்கோரிக்கைகளையும் இணைப்போம், தோழர்களே!